தலைவர் வெளியே போன பத்து நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம்.

உளவியல் இளங்கலை மாணவர்களுக்குத் தலைமைப் பண்பு வேண்டும் என்றதும், பல இடங்களில் ஒருநாள் பயிலரங்கு வைத்து, சான்றிதழ் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். அதைவிட நல்ல களம் பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது: குழுவாகச் செய்யும் ஆய்வுத் திட்டம்.

குழுவுக்கு ஐந்து பேர். செமஸ்டர் 15 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பு, பங்கேற்பவர்களிடம் வாங்கும் ஒப்புதல் படிவம், தரவு சேகரிப்பு, அவர்கள் விடைகளுக்கு மதிப்பெண் இடுதல், அறிக்கை என்று வேலையும் ஐந்து கட்டம். மூன்று வாரத்துக்கு ஒரு தலைவர். சுழற்சி இல்லாவிட்டால் நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒன்றே எல்லாவற்றையும் சுமக்கும். மற்றவர்கள் பெயரை மட்டும் போட்டுக்கொள்வார்கள். வெறும் சோம்பல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 1979-இல் உளவியலாளர் லட்டானேயும் சகாக்களும் மாணவர்களைக் கைதட்டவும் கத்தவும் வைத்துப் பார்த்தார்கள். கூட்டமாகச் செய்தபோது ஆளுக்கு எழுப்பிய ஓசை குறைந்தது. யார் பங்கு எவ்வளவு என்று தெரியாத இடத்தில் முயற்சி தளரும். ஆகவே பங்கேற்பவர்கள் நிரப்பித் தரும் ஒவ்வொரு வினாத்தாளின் மூலையிலும் அதை வாங்கி வந்த மாணவரின் முதலெழுத்து இருக்கட்டும்.

தலைவருக்குக் கடினமானது மதிப்பெண் இடும் கட்டம். பதற்றத்தை அளக்கும் வினாத்தாளில் எண் கூடினால் பதற்றம் கூடுதல் என்று பொருள்; ஆகவே ‘நான் நிம்மதியாக இருக்கிறேன்’ என்பது போன்ற எதிர்மாறான கூற்றுகளுக்கு எண்ணைத் திருப்பிப் போட வேண்டும். நான்கு புள்ளி அளவுகோலில் 4 என்பது 1 ஆகும், 3 என்பது 2 ஆகும். மறந்தால் முடிவே புரண்டுவிடும். முதல் பத்துத் தாள்களை இருவர் தனித்தனியே திருத்தட்டும். கூட்டுத்தொகை ஒத்துப்போன பிறகு மீதியைப் பிரித்துக் கொடுக்கட்டும். வேலை தெரிந்த தலைவர் ‘நானே போட்டுவிடுகிறேன்’ என்று இறங்கிவிடுவார். ஆசிரியர் அங்கேதான் தடுக்க வேண்டும்.

குறை சொல்லவும் பழக வேண்டும். ‘உனக்குப் பொறுப்பே இல்லை’ என்றால் சண்டைதான். ‘செவ்வாய்க்கிழமை தர்றதா சொன்ன 12 தாள் வெள்ளிக்கிழமைதான் வந்துச்சு, என்ன ஆச்சு?’ என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

உளவியலாளர்கள் கர்ட் லெவின், லிப்பிட், ஒயிட் மூவரின் 1939-ஆம் ஆண்டு ஆய்வை மாணவர்கள் பாடத்தில் படிக்கிறார்கள். பத்து வயதுச் சிறுவர் குழுக்களில், அதிகாரம் செய்த தலைவர் அறையை விட்டுப் போனதும் வேலை சரிந்தது. கலந்து பேசி நடத்தியவர் போன பிறகும் வேலை பெரிதாகக் குறையவில்லை. தேர்வுக்கு மனப்பாடம் செய்வதோடு விடாமல், இதை ஆய்வகத்திலேயே செய்து பாருங்கள். தலைவரைப் பத்து நிமிடம் வெளியே அனுப்புங்கள். எத்தனை பேர் வேலையைத் தொடர்கிறார்கள், எத்தனை பேர் செல்போனை எடுக்கிறார்கள் என்று குறித்து, அந்தக் குறிப்பை அன்று மாலையே தலைவரிடம் தனியாகக் காட்டுங்கள். மற்றவர்கள் முன்னால் வேண்டாம்.