உடையற பாகம்தான் முதல்ல ஸ்டாண்டர்ட் ஆச்சு: அமெரிக்க கூட்ஸ் வேகன் கதை

ஸ்க்ரீன்ல ரெண்டு பாக்ஸ் கார், அதாவது மூடின கூட்ஸ் வேகன் இருக்கு, பாருங்க. ஒண்ணு மரப்பலகை, இன்னொண்ணு முழு இரும்பு. கம்பெனியும் வேற, உயரமும் வேற. இப்ப கீழ்ப்பக்கத்தை மட்டும் பெருசாக்கறேன். கப்லர் (வேகனை வேகனோட கோக்கிற கொக்கி), ஆக்ஸில், பிரேக் ஹோஸ்... இதுல இருந்து கழட்டி அதுல மாட்டலாம். அமெரிக்காவுல ஸ்டாண்டர்ட்னா ரொம்ப நாளைக்கு இவ்வளவுதான் அர்த்தம்.

ஏன்னா ஒரு கம்பெனி வேகன் சரக்கோட இன்னொரு கம்பெனி தண்டவாளத்துல ஓடும். அங்க எது உடைஞ்சாலும் அந்த ஷெட்லயே ஸ்பேர் கிடைக்கணும், பில் யாருக்குன்னு விதி இருக்கணும். 1867-ல ஆரம்பிச்ச மாஸ்டர் கார் பில்டர்ஸ் அசோசியேஷன் பார்த்த வேலை இதுதான்.

கப்லருக்கு வருவோம். பழைய லிங்க் அண்ட் பின் முறையில, ஆள் நடுவுல நின்னு வளையத்தைக் கையால பிடிச்சு எதிர் வாய்க்குள்ள விட்டு, பின்னை இறக்கணும். கொஞ்சம் பிசகினா விரல் போச்சு, சில சமயம் உயிரே போச்சு. ஈலை ஜேனி 1873-ல பேட்டன்ட் வாங்கின டிசைன் வேற மாதிரி. ரெண்டு கை விரலையும் மடக்கி ஒண்ணோட ஒண்ணு கோத்துப் பாருங்க, அதேதான். 1887-ல சங்கம் ஏத்துக்கிச்சு, 1893-ல சட்டமே வந்துச்சு, கெடு மட்டும் 1900 வரைக்கும் இழுத்துச்சு. நம்ம ஊர் கூட்ஸ் வேகன்ல இருக்கிற சென்டர் பஃபர் கப்லரும் இந்தக் குடும்பம்தான்.

வேடிக்கை என்னன்னா, மாறிக்கிட்டிருந்த அந்த வருஷங்கள்ல பழசும் புதுசும் ஒரே ரயில்ல. அதனால புது கப்லரோட நக்கிள்ல, அதாவது மடங்கித் திறக்கிற விரல் மாதிரியான பாகத்தோட மூக்குல குறுக்க ஒரு பிளவு, மேலிருந்து கீழ ஒரு ஓட்டை விட்டாங்க, பழைய வளையம் மாட்டறதுக்கு. இழுவை விழற இடத்துலயே இரும்பைக் குடைஞ்சா எங்க உடையும்? அங்கதான்.

இன்னைக்கும் முதல்ல நக்கிள் உடையற மாதிரிதான் வச்சிருக்காங்க. கப்லர் பாடியே பிச்சுக்கிட்டு வந்தா வேகன் ஷெட்டுக்குத்தான் போகும். நக்கிள்னா வழியிலயே மாத்திடலாம். பிரேக் போட்டு வண்டி நகராம நிறுத்தி, வேகனுக்கு நடுவுல இடம் விட்டு, லீவரைத் தூக்கி, பின்னை உருவி, புதுசோட வால் உள்ள போற மாதிரி நுழைச்சு, பின்னைப் போடணும். எடை 35 கிலோவுக்கு மேல, இடுப்பு பத்திரம். இ டைப் கப்லருக்கு எஃப் டைப் நக்கிள் சேராது, அதையும் பார்த்துக்கங்க.

மேல இருக்கிற பெட்டிக்குப் பொது டிசைன் வந்தது முதல் உலகப் போர்ல. ரயில்வேயை எடுத்துக்கிட்ட அரசு 1918-ல கிட்டத்தட்ட 1 லட்சம் வேகன் ஆர்டர் பண்ணுச்சு. அதுல 50 டன் பாக்ஸ் காருக்கு உள்ள ஒரே வரிசை பலகை, வெளிய இரும்புச் சட்டம். இரும்பு மிச்சம், சரி. ஆனா பலகை சுருங்கினா தானியம் ஒழுகும்.

கடைசியா பேரிங். அதுல உட்கார்ற ஆக்ஸில் முனை 40 டன் வேகனுக்கு 5×9 அங்குலம், 50-க்கு 5½×10, 70-க்கு 6×11. மேல பித்தளை பேரிங் உட்காரும், கீழ எண்ணெயில ஊறின பஞ்சு நூல். அதுல ஒரு இழை பித்தளைக்கு அடியில மாட்டினா எண்ணெய்ப் படலம் அறுந்து சூடேறும், ஆக்ஸில் முனையே முறியும். இதுக்குப் பேர் ஹாட் பாக்ஸ். ரோலர் பேரிங் வந்த பிறகும் இந்தப் பித்தளை 1990-கள் வரைக்கும் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு.