அனாமத்துப் பத்தி

நேயர்களுக்கு வணக்கம்.

“பணம் போயிடுச்சு, ஆனா ஆர்டர் வரலை.” இதை ஒரு தடவையாவது சொல்லாத வீடு இன்றைக்குச் சென்னையில் குறைவு. முன்கூட்டியே பணம் போட்டுவைத்துச் செலவழிக்கிற கைபேசிப் பணப்பையான வாலட்டில் பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்துவிடும். கடையின் பக்கத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் ‘தோல்வி’ என்று காட்டும். அந்தச் சக்கரம் சுற்றுகிற அரை நிமிஷம்தான் 18 வருஷமாக என் பிழைப்பு. இணையக் கடை, அதற்குப் பணம் வசூலித்துத் தருகிற பேமென்ட் கேட்வே, உங்கள் கைபேசியில் இருக்கிற வாலட் இந்த மூன்றையும் இணைக்கிற புரோகிராம் எழுதுகிறேன்.

இந்தத் தொழிலில் எனக்குப் பெரிய பாடம் சொல்லிக்கொடுத்தவர் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. மேற்கு மாம்பலத்தில் காபிப்பொடிக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள் இல்லையா, அதற்கப்புறம் அவருடைய மகன் கடைக்கு ஒரு இணையதளம் போட்டார். வாலட்டிலும் பணம் கட்டலாம் என்று அதில் சேர்த்துக்கொடுத்தது நான்.

2017 தீபாவளிக்கு முந்தின வாரம். நங்கநல்லூரிலிருந்து ஒரு அம்மா ஒன்றரை கிலோ பொடிக்கு ஆர்டர் போட்டிருக்கிறார். 740 ரூபாய். சக்கரம் சுற்றியது, தோல்வி என்று வந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி தோல்வி. மூன்றாம் தடவையும் அப்படியே. அந்த அம்மா பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறி, மாம்பலத்தில் இறங்கி, நேரே கடைக்கே வந்துவிட்டார். கையில் மூன்று குறுஞ்செய்தி. 2,220 ரூபாய் போயிருக்கிறது. கடைக் கம்ப்யூட்டரில் மகன் பார்க்கிறார், மூன்று ஆர்டரும் தோல்வி. ஒரு பைசா வந்ததாகக் காட்டவில்லை.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர் தர்க்கமே பண்ணவில்லை. “பண்டிகை நாள்மா, வெறுங்கையோடு போகாதீங்க” என்று பொடியை அரைத்துக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு தன்னுடைய நீளமான கணக்கு நோட்டை எடுத்து, அனாமத்து என்ற தலைப்பின் கீழ் 2,220 என்று எழுதினார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைக் காட்டிக் கேட்டார்: “தம்பி, உங்க புரோகிராம்ல அனாமத்துன்னு ஒரு பத்தி இருக்கா?”

இல்லை. வெற்றி என்று ஒரு பத்தி, தோல்வி என்று ஒரு பத்தி. 30 விநாடிக்குள் பதில் வராவிட்டால் தோல்வி என்று எழுது என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேன். அந்த வாரம் கூட்டம் அதிகம். பதில் 30 விநாடிக்குப் பிறகு வந்திருக்கிறது. என் புரோகிராம் அதற்குள் கதவைச் சாத்திவிட்டது.

கணக்கு எழுதிப் பழகிய பெரியவர்களுக்கு இந்த வார்த்தை தெரியும். எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று புரியாத தொகையை அவர்கள் அடித்துவிடவும் மாட்டார்கள், யூகித்து ஏதோ ஒன்றில் தள்ளவும் மாட்டார்கள். அனாமத்தில் எழுதிவைத்து, விவரம் தெரிந்ததும் உரிய இடத்துக்கு மாற்றுவார்கள். இணையப் பணத்துக்கு அப்படியே பொருந்தும். போனது, போகவில்லை, இன்னும் தெரியவில்லை என்று பதில் மூன்று. இந்த மூன்றாவதுக்கு இடம் வைக்காமல் எழுதிய புரோகிராம் யாரோ ஒருவரை ரயிலேற வைக்கும்.

அது ஏன் தெரியாமல் போகிறது? ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பியிருப்பீர்கள். அட்டை திரும்பி வரவில்லை என்றால் கடிதம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தமா? கடிதம் சேர்ந்து, அட்டை மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். நீங்கள் ‘பணம் கட்டு’ என்று அழுத்தினால் அந்தக் கோரிக்கை கடையிலிருந்து கேட்வேக்குப் போகிறது, கேட்வேயிலிருந்து வாலட்டுக்குப் போகிறது. வாலட் ஓடிபி கேட்டு, பணத்தைக் கழித்து, பதில் எழுதுகிறது. அந்தப் பதில் வந்த வழியே திரும்ப வேண்டும். எந்த இடத்தில் வேண்டுமானாலும் அறுந்துபோகும்.

திரும்பி வர இரண்டு வழி உண்டு. ஒன்று உங்கள் கைபேசி வழியாக. நீங்கள் ரயிலில் இருக்கலாம், சிக்னல் போகலாம், பொறுமையிழந்து பக்கத்தை மூடிவிடலாம். இன்னொன்று, கேட்வே நேரே கடையின் சர்வருக்குத் தகவல் அனுப்புவது, வெப்ஹூக் என்போம். முதல் வழியில் வந்த பதிலை மட்டும் நம்பிப் பொருளை அனுப்பவே கூடாது. கைபேசி வழியாக வருவதை விஷயம் தெரிந்த ஒருவர் திருத்திவிட முடியும். அதனால்தான் ஒவ்வொரு பதிலிலும் அரக்கு முத்திரை மாதிரி ஒரு கையொப்பம் வருகிறது. கடைக்கும் கேட்வேக்கும் மட்டுமே தெரிந்த ரகசியச் சாவியால் போட்டது. அதைச் சரிபார்க்காமல் விட்ட கடைகளை நான் பார்த்திருக்கிறேன், மனசு பதறும்.

இரண்டு வழியிலும் பதில் இல்லையா? கேட்வேயிடம் திரும்பக் கேட்க வேண்டும். “இந்த ஆர்டர் எண்ணுக்கு என்ன ஆயிற்று?” ஒரு நிமிஷம் கழித்து, ஐந்து நிமிஷம் கழித்து, ஒரு மணி நேரம் கழித்து. அதுவரை அனாமத்து. திரையில் ‘தோல்வி, மறுபடி முயலுங்கள்’ என்று எழுதாமல், ‘விசாரித்துக்கொண்டிருக்கிறோம், மறுபடி கட்ட வேண்டாம்’ என்று எழுத வேண்டும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் நங்கநல்லூர் அம்மா மூன்று தடவை அழுத்தியிருக்க மாட்டார். அப்படியே அழுத்தினாலும் ஆர்டர் எண் மாறாமல் இருக்க வேண்டும். ஒரே டோக்கனை மூன்று முறை நீட்டினாலும் ரேஷன் கடையில் ஒரு தடவைதான் சர்க்கரை. என் புரோகிராம் ஒவ்வொரு அழுத்தலுக்கும் புது டோக்கன் கிழித்துக் கொடுத்திருந்தது.

அந்த 2,220 ரூபாய் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு நாள் கழித்துக் கடையின் வங்கிக் கணக்கில் கேட்வே பணம் போட்டது. ஆர்டர் கணக்கைவிடச் சரியாக 2,220 கூடுதல். பெரியவர் 740-ஐ விற்பனைக்கு மாற்றினார், 1,480-ஐ அந்த அம்மாவின் வாலட்டுக்கே திருப்பச் சொன்னார், அனாமத்துப் பத்தியை நேர் செய்தார். ஆங்கிலத்தில் ரீகன்சிலியேஷன் என்று நாங்கள் தினமும் காலையில் செய்கிற வேலை முழுக்க இதுதான்.

இன்றைக்கு இதற்குச் சட்டமே பக்கபலமாக இருக்கிறது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. பணம் கழிந்து, கடைக்கு உறுதி போய்ச் சேரவில்லை என்றால், வாலட் நிறுவனம் தன் அமைப்புக்குள்ளேயே செய்த பரிமாற்றமாக இருந்தால் மறுநாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். யூபிஐ, கார்டு வழியாகப் போனதென்றால் 5 நாளுக்குள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, நீங்கள் புகார் கொடுக்கும்வரை காத்திருக்காமல் அவர்களே போட வேண்டும். நாளொன்றுக்கு 100 ரூபாய். திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பேருக்கு இது தெரியாது.

முழு கேஒய்சி, அதாவது அடையாளச் சரிபார்ப்பு முடித்த வாலட்டுகளை யூபிஐயோடு இணைத்தது பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இன்னும் இரண்டு நிமிஷம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். அதனால் அவசியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பணம் மாட்டிக்கொண்டால் வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். போலி எண்கள் அங்கேதான் காத்திருக்கின்றன. வாலட் செயலிக்குள்ளேயே உதவிப் பக்கம் இருக்கும், அங்கே புகாரைப் பதியுங்கள். ஆர்டர் எண்ணையும் பரிமாற்ற எண்ணையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பணம் திருப்பித் தருவதற்கு யாரும் உங்கள் பின் நம்பரைக் கேட்க மாட்டார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448. ஏமாற்றுக்காரரிடம் பணம் போய்விட்டது என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

வணக்கம்.