அலமாரியில் கிடந்த மருந்து

[திரையில்: உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு. வரிசையாக 96 குழிகள்.]

இந்தத் தட்டைக் கொஞ்சம் பக்கத்தில் பாருங்கள். எல்லாக் குழியிலும் ஈ.கோலை பாக்டீரியா இருக்கிறது. கூடவே குழிக்கு ஒரு மருந்து. ஒரு ராத்திரி போனால் பல குழிகள் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கிவிடும். அங்கே கிருமி பெருகியிருக்கிறது. தெளிந்து நிற்கும் குழியில் மருந்து ஜெயித்திருக்கிறது. கலங்கலை ஒளி பாய்ச்சி அளக்கக் கருவியும் உண்டு.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜிம் காலின்ஸ், ரெஜினா பார்சிலே குழுவினர் இப்படி 2,335 மூலக்கூறுகளைச் சோதித்தார்கள். பெரும்பாலும் ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்துகள். கிருமியை அடக்கியவை 120. இந்த முடிவுகளைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஆன்டிபயாடிக் என்றால் எப்படி இருக்கும் என்று அதற்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. எது அடக்கியது, எது அடக்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். நாம் பழைய மருந்துகளின் சாயலையே தேடிக்கொண்டிருப்போம். அதற்கு அந்தப் பழக்கம் இல்லை.

அப்புறம், வெவ்வேறு நோய்களுக்காக ஆராயப்பட்ட சுமார் 6,000 மூலக்கூறுகளின் பட்டியலை அதனிடம் கொடுத்தார்கள். அது பொறுக்கித் தந்ததில் 99-ஐத் தட்டில் வைத்துப் பார்த்தால் 51 வேலை செய்தன. அதில் ஒன்று, சர்க்கரை நோய்க்காக ஆராய்ந்து, சரிவராமல் கைவிடப்பட்டது. வழக்கமான ஆன்டிபயாடிக் சாயலே அதற்கு இல்லை. ஹாலிசின் என்று பெயரிட்டு, 2020-இல் உலகுக்குச் சொன்னார்கள்.

[திரையில்: பாக்டீரியாவின் சவ்வு. ஒரு பக்கம் புரோட்டான்கள் நெருக்கியடித்து நிற்கின்றன.]

அணையில் தேக்கிய தண்ணீர் மின்சாரம் தருவதுபோல, சவ்வின் ஒரு பக்கம் தேங்கும் புரோட்டான்கள்தான் பாக்டீரியாவுக்குச் சக்தி. ஹாலிசின் அந்தத் தேக்கத்தையே குலைத்துவிடுகிறது. சும்மா ஒரு புரதத்தை மாற்றிக்கொண்டு கிருமி இதிலிருந்து தப்புவது கஷ்டம் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். ஆய்வகத்தில் 30 நாள் ஆகியும் ஈ.கோலைக்கு எதிர்ப்பு வரவில்லை. சிப்ரோஃபிளாக்சசின் என்ற வழக்கமான ஆன்டிபயாடிக்கை எதிர்க்க அதே கிருமிக்கு 3 நாளே போதுமாக இருந்தது.

ஐசியூக்களை அலைக்கழிக்கும் அசினெட்டோபாக்டர் கிருமியை எலிகளின் புண்ணில் வைத்தும் பார்த்தார்கள். ஹாலிசின் களிம்பு பூசிய எலிகளில் பெரும்பாலானவற்றில் 24 மணி நேரத்தில் கிருமியைக் காணோம்.

ஆனால் எலிக்குக் கேட்டது மனிதனுக்கும் கேட்க வேண்டும். எவ்வளவு கொடுக்கலாம், ரத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கும், உடம்பு தாங்குமா என்பதெல்லாம் தெரிய வேண்டும். ஹாலிசின் இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை. இந்தச் சோதனைகள் நடந்தே ஆக வேண்டும். பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளைத் தாண்டிவிட்ட அசினெட்டோபாக்டரோடு ஒரு நோயாளி வந்தால், டாக்டரின் கையில் இன்று மிச்சமிருப்பது ஒன்றிரண்டு மருந்துகள்தான்.