லெயோனியின் அச்சத்தைக் கண்டது யார்?

அன்புக்குரிய பெற்றோரே, சகோதர சகோதரிகளே,

"உங்கள் இடையை வரிந்துகட்டிக்கொள்ளுங்கள்; விளக்குகளும் எரிந்துகொண்டிருக்கட்டும்" என்னும் ஆண்டவரின் சொல் லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் உள்ளது. இதைக் கேட்டவுடன் நம்மில் பலருக்குச் சாவும் இறுதித் தீர்ப்புமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்த உவமை ஒரு வீட்டுக்குள் நிகழ்கிறது. விழித்திருப்பவர்கள் அந்த வீட்டின் பணியாளர்கள். தலைவர் கதவைத் தட்டியதும் திறப்பதற்காக வேலைக்கு ஆயத்தமாக நிற்கிறார்கள். உலகெங்கிலுமுள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டில் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்து, பெற்றோரே தம் பிள்ளைகளுக்கு முதல் மறைப்பணியாளர்கள் என்றபோது, அந்த விளக்கை நம் கையில் கொடுத்தது என்றே நான் கருதுகிறேன்.

2015ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிசு, லூயி மார்ட்டினையும் அவர் மனைவி செலியையும் சேர்த்துப் புனிதர்களாக அறிவித்தார். லிசியே நகரின் புனித குழந்தை தெரசாவைப் பெற்றவர்கள் இவர்கள். பிரான்சு நாட்டின் அலென்சோன் நகரில் லூயி கடிகாரக் கடை வைத்திருந்தார். செலி லேஸ் பின்னல் தொழில் நடத்தினார். விடியற்காலைத் திருப்பலியைத் தவறவிடாத வீடு அது. வியாபாரம் மிகும் ஞாயிறன்றும் லூயி கடையைத் திறக்கவில்லை. ஒன்பது பிள்ளைகளில் நால்வரைச் சிறு வயதிலேயே அடக்கம் செய்தார்கள்.

இத்தகைய வீட்டிலும் ஒன்று கண்ணில் படாமல் இருந்தது. மூன்றாம் மகள் லெயோனி அடங்காதவளாகவும் முரண்டு பிடிப்பவளாகவும் வளர்ந்தாள். தாய் எவ்வளவு செபித்தும், எவ்வளவு முயன்றும், அவள் மனம் திறக்கவில்லை. வீட்டுப் பணிப்பெண் அவளைப் பல ஆண்டுகள் மறைவில் மிரட்டி அடக்கி வைத்திருந்தாள் என்பது 1877ஆம் ஆண்டில்தான் வெளிப்பட்டது. அதைக் கண்டுபிடித்தவள் மூத்த மகள் மரி. அப்போது செலி மார்பகப் புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார். ஆயினும் உண்மை தெரிந்த நாள்முதல் லெயோனியைத் தம் அருகிலேயே வைத்துக்கொண்டார். எஞ்சிய சில மாதங்களில் மகளின் மனம் கனிவதையும் கண்டார்.

இதைச் சொல்வது அந்தப் புனிதையைக் குறைகூறுவதற்காக அன்று. புனிதரின் வீட்டிலேயே ஒரு குழந்தையின் அச்சம் மறைந்திருக்க முடியுமென்றால், நம் வீடுகளைக் குறித்து நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! என் வீட்டிலும் இது நேர்ந்தது. குடும்ப செபத்திற்கு மணி தவறாமல் எல்லாரையும் உட்கார வைத்த நான், செபமாலையின் ஐந்து மறையுண்மைகளும் முடியும்வரை என் மகன் ஒரு சொல்லும் உச்சரிக்கவில்லை என்பதைப் பல வாரங்கள் கவனிக்கவே இல்லை. பள்ளியில் அவனை வாட்டிய துயரம் எனக்குத் தெரிய வந்தபோது, நான் வெட்கி நின்றேன். அன்றுமுதல் செபமாலையைக் குறைக்கவில்லை. தொடங்கும் முன் ஒவ்வொருவரிடமும் அன்றைய நாளைக் கேட்டு, அவர்கள் சொன்னதையே மன்றாட்டாக்குகிறோம். சில இரவுகளில் அதற்கே அரை மணி நேரம் ஆகிறது.

செலி 1877ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் இறந்தார். லெயோனி மூன்று முறை துறவு மடத்திற்குச் சென்றும் நிலைக்க முடியாமல் திரும்பினார். 1899ஆம் ஆண்டில், நான்காம் முறையாக, கான் (Caen) நகரின் மினவுதல் (விசிட்டேஷன்) சபைத் துறவு மடத்துக் கதவைத் தட்டினார்; 1941ஆம் ஆண்டில் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.