படிக்கட்டில் விருந்தோம்பியவன்

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, மின்விசிறிக்கு நேர்கீழே இடம்பிடித்து அமர்ந்திருக்கும் அவையோரே, வணக்கம். எனக்குக் கொடுக்கப்பட்டிருப்பது பன்னிரண்டு நிமிடம். வணக்கம் சொல்லியே பாதி நேரத்தைக் கரைத்தவர்கள் எனக்கு முன்னால் பேசிவிட்டதால், நான் நேரே வழக்குக்கு வருகிறேன். கோடை விடுமுறையில் பெரிதும் இன்பம் தருவது உறவினர் வீட்டுக்கு விருந்தாகச் செல்வதா, நம் வீட்டுக்கு வரும் விருந்தை ஏற்பதா என்பது தலைப்பு. ஏற்பதே என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

முதலில் சட்டப் புத்தகத்தைப் பார்த்துவிடலாம். திருக்குறளில் 133 அதிகாரங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்பதாவது விருந்தோம்பல், அதாவது வந்தவரைப் பேணுதல். விருந்துக்குப் போவது எப்படி என்று வள்ளுவர் ஓர் அதிகாரம்கூட எழுதவில்லை. போவதற்கு யாருக்கும் பாடம் வேண்டியதில்லை என்று எதிரணியினர் சொல்லக்கூடும். அதை நான் மறுக்க மாட்டேன், ஏனென்றால் என் மைத்துனர் எந்தப் பயிற்சியும் இல்லாமலேயே ஆண்டுதோறும் மிகச் சிறப்பாக வந்துகொண்டிருக்கிறார். ஆனால் அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள் என்ன சொல்கிறது? அனிச்சப்பூ மோந்தால்தான் குழையும். விருந்தினரோ முகம் மாறிப் பார்த்தாலே குழைந்துவிடுவார் என்கிறது. எதிரணியினர் இன்பம் என்று கொண்டாடும் நிலை இதுதான். குளியலறைக் கதவு எப்போது திறக்கும் என்று துண்டும் கையுமாக நிற்க வேண்டும். இன்னொரு வாய் காப்பி கேட்கலாமா என்று தயங்க வேண்டும். வீட்டுக்காரர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தால் நம் தூக்கத்துக்காகக் குறைத்தாரா, நம் மேலுள்ள எரிச்சலில் குறைத்தாரா என்று விடிய விடிய யோசிக்க வேண்டும். அந்த நிலையை அடைவதற்கே, பயணத்துக்கு அறுபது நாள் முன்பு காலை எட்டு மணிக்குக் கைப்பேசியை வைத்துக்கொண்டு ரயில் முன்பதிவோடு மல்லுக்கட்ட வேண்டும். 2024 நவம்பருக்கு முன்னால் அது நூற்றிருபது நாளாக இருந்தது. விருந்தினரிடமிருந்து தப்பி ஓட வேண்டியவர்களுக்கு இப்போது அவகாசம் பாதியாகிவிட்டது என்பது வேறு கதை.

ஊட்டியில் வீடு வைத்திருக்கும் என் நண்பர் ஒருவருக்கு ஏப்ரல் பிறந்தால் உறவு பெருகும். சம்பந்தியின் சம்பந்தியெல்லாம் அவரை 'அண்ணே' என்று அழைக்கத் தொடங்கிவிடுவார்கள். 2024 மே மாதத்தில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று வந்தபோது, வருபவர்களின் எண்ணிக்கை இனிமேல் குறையும் என்று அவர் மனத்துக்குள் மகிழ்ந்தார். வந்தார்களோ இல்லையோ, இ-பாஸ் எடுத்துக் கொடுங்கள் என்று அத்தனை பேரும் அவரைத்தான் அழைத்தார்கள்.

ஆற்றங்கரை, நுங்கு, மொட்டை மாடித் தூக்கம் என்று எதிரணித் தலைவர் அம்மையார் மிக அழகாகப் பேசினார். அவ்வளவையும் ஏற்றுக்கொண்டு கடந்துவிடுகிறேன். கடந்துபோக முடியாத ஒன்றை அவர் கடைசியில் சொன்னார். 'விருந்தினரை ஏற்பது இன்பம் என்று இந்த ஐயா சொல்வதில் வியப்பில்லை. அவர் ஏற்பது வாசலில், அவர் மனைவி ஏற்பது அடுப்படியில்' என்றார். அரங்கம் அதிர்ந்தது. பண்பாடு கருதி நானும் கை தட்டினேன். மூன்றாம் வரிசையில் ஒருவர் மட்டும், எல்லாரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார். அவர் என் மனைவி.

நடுவர் அவர்களே, இதற்கு விடை சொல்லாமல் நான் வேறு எந்த வாதத்தை வைத்து வென்றாலும் இன்றிரவு வீட்டில் எனக்குச் சோறு கிடையாது. ஆகவே எழுதி வந்த குறிப்புகளைச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டு, 2019ஆம் ஆண்டு மே மாதத்துக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன்.

சென்னைவாசிகளுக்கு அந்த ஆண்டை நினைவுபடுத்த வேண்டியதில்லை. முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் வறண்டுகொண்டிருந்த நேரம் அது. எங்கள் அடுக்ககத்தின் ஆழ்குழாய்க் கிணற்றில் காற்றுதான் வந்தது. மின்தூக்கி இல்லாத மூன்று மாடிக் கட்டடத்தில் எங்கள் வீடு இரண்டாம் மாடி. தெருமுனையில் லாரி நிற்கும்போது குடத்தோடு ஓடுபவனுக்கே அன்றைய தண்ணீர். அந்த நேரத்தில் அம்பாசமுத்திரத்திலிருந்து பெரியப்பா தொலைபேசியில் அழைத்து, தாமும் பெரியம்மாவும் அத்தையும் இரண்டு பேரப்பிள்ளைகளும் பத்து நாள் தங்க வருவதாகச் சொன்னார். பேரப்பிள்ளைகளுக்குக் கடல் பார்க்க வேண்டுமாம்.

நான் விருந்தோம்பலின் சிகரமாக, 'பெரியப்பா, இங்கே குடிக்கவே தண்ணீர் இல்லை' என்றேன். முகத்தை மாற்றிக் காட்ட அந்தத் தொலைபேசியில் வசதி இல்லாததால் குரலை மாற்றிக் காட்டினேன். வேறொருவராக இருந்தால் அனிச்சமாய்க் குழைந்திருப்பார். பெரியப்பா, 'அதுக்கென்னடே, கொண்டாந்துட்டாப் போச்சு' என்று சொல்லி வைத்துவிட்டார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

விடியற்காலையில் நெல்லை எக்ஸ்பிரஸ் எழும்பூருக்கு வந்து நின்றது. பெட்டியின் வாசலில் பெரியப்பாவின் முகத்தை எதிர்பார்த்து நின்றேன். முதலில் இறங்கியது ஒரு கேன். இருபது லிட்டர் பிடிக்கும் வெள்ளைக் கேன், வாயில் பாலித்தீன் தாள் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டியது. அடுத்து இறங்கியதும் கேன். அதற்குப் பிறகு, கழுத்தில் கயிறு கட்டிய பாட்டில்களோடு இரண்டு பிள்ளைகள், தூக்குவாளியை இடுப்போடு அணைத்தபடி பெரியம்மா, அத்தை, கடைசியாகப் படைத்தலைவர் போலப் பெரியப்பா. அருகில் வந்த போர்ட்டர், 'உள்ளே என்ன பெரியவரே?' என்று கேட்டார். பெரியப்பா ஒரே சொல்லில், 'தாமிரபரணி' என்றார். அந்தப் போர்ட்டர் சொன்ன சொல்லை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். 'இந்த வண்டியில் அல்வா இறங்கிப் பார்த்திருக்கிறேன், ஆறு இறங்கி இப்போதுதான் பார்க்கிறேன்' என்றார்.

எத்தனை கேன் என்று நடுவர் குறித்துக்கொள்வது தெரிகிறது. இறங்கியவை இரண்டுதான். என் அலுவலகத்தில் சொன்னபோது அவை நான்காயின. என் மகன் கல்லூரியில் சொன்னபோது ஏழாயின. சென்ற ஆண்டு ஒரு திருமணப் பந்தியில், என்னை யாரென்று அறியாத ஒருவர் இந்தக் கதையை என்னிடமே சொன்னார். அதில் பதினொரு கேன்களும், பின்னாலேயே வந்த ஒரு டேங்கர் லாரியும் இருந்தன. அவர் அத்தனை உணர்ச்சியோடு சொன்னதால் நான் திருத்தவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள், ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ஐம்பது வேகன்களில் இருபத்தைந்து லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலில் கொண்டு வந்தார்கள். செய்தித்தாளில் அந்தப் படத்தைப் பார்த்த பெரியப்பா உடனே என்னை அழைத்து, 'நம்மளப் பாத்துத்தான் படிச்சிருக்கான்' என்றார். அவர்கள் வந்தது இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். பெரியப்பா வந்தது அறுநூற்று ஐம்பதுக்கும் மேல். அந்தப் பெருமையை அவரிடமிருந்து யாரும் பறிக்கவில்லை.

சரி, நாற்பது லிட்டர் எத்தனை நாளுக்கு வரும்? காப்பிக்கும் குடிக்கவும் மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டாம் நாள் இரவு கேன் கவிழ்ந்தது. மூன்றாம் நாளிலிருந்து என் கதை தொடங்குகிறது. தெருமுனையிலிருந்து இரண்டாம் மாடிவரை முப்பத்தெட்டுப் படிகள், நாளொன்றுக்குப் பன்னிரண்டு குடம், கத்திரி வெயில். பெரியம்மா குளித்தால் இரண்டு குடம், அத்தை மடிப்புடவை நனைத்தால் இரண்டு குடம், பிள்ளைகள் கடலில் குளித்துவிட்டு உப்பைக் கழுவினால் மூன்று குடம். வங்காள விரிகுடாவைக் காட்ட அழைத்துப் போனவன் நான்தான் என்பதால் அந்த மூன்று குடத்துக்கும் யார்மேலும் கோபிக்க முடியவில்லை. ஆகவே அம்மையார் அவர்களே, நான் வாசலிலும் விருந்தோம்பவில்லை, அடுப்படியிலும் விருந்தோம்பவில்லை. நான் விருந்தோம்பியது படிக்கட்டில்!

கை தட்டுகிறீர்கள், நன்றி. ஆனால் மூன்றாம் வரிசையிலிருந்து எட்டு விரல்கள் உயர்ந்து நிற்கின்றன. எட்டு நாள்தான் என்று பொருள். திருமணமாகி எத்தனை ஆண்டு என்று சொல்ல அவரிடம் அத்தனை விரல்கள் இல்லை.

அந்தக் கணக்கில் நான் தோற்றவன் என்பது எனக்குத் தெரியும், நடுவர் அவர்களே. அதைத் தெரியவைத்தவர் பெரியம்மா. அந்தப் பத்து நாளில் ஒரு நாள் மதியம், கடைசிக் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, தியாகிக்குரிய முகத்தோடு நான் உண்ண உட்கார்ந்திருந்தேன். என் மனைவி அடுப்புக்கும் எங்களுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தார். பெரியம்மா எழுந்துபோய் அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, தோளைப் பிடித்துத் தன் இடத்தில் உட்காரவைத்து, 'இம்புட்டுப் பேருக்கும் போட்டுட்டு நீ எப்போ தாயி சாப்பிடுவே?' என்று கேட்டார். கேட்டது என் மனைவியை. பதில் சொல்லத் தெரியாமல் விழித்தது நான்.

ஏனென்றால் எனக்கு அந்தக் கேள்வி பழையது. அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டில் மே மாதம் என்றால் பதினெட்டுப் பேர் இருப்போம். பாளையங்கோட்டைச் சித்தி குடும்பம், தூத்துக்குடி மாமா குடும்பம், அப்பாவின் நண்பர் ஒருவர், அவரோடு யாரென்றே எங்களுக்குத் தெரியாத இன்னொருவர். பந்தி முடிந்து, எச்சில் இலை எடுத்து, சாணமிட்டு மெழுகி, மொட்டை மாடியில் காயும் வடகத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு அம்மா கீழே வரும்போது மணி மூன்றாகியிருக்கும். புறவாசல் படியில் குழம்புச் சட்டியோடு உட்காருவாள். அடியில் ஒட்டிய குழம்பில் சோற்றைப் போட்டு அவள் பிசையும்போது நான் போய் முன்னால் நிற்பேன். உருண்டை உருண்டையாக என் கையில் வைப்பாள். பந்தியில் சாப்பிட்டதைவிட அதுதான் ருசி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அது அவளுடைய பங்கு என்று தெரிந்துகொள்ள எனக்கு நாற்பத்தேழு வயதாக வேண்டியிருந்தது.

அம்மையார் சொன்னது சரி. வாதப்படி நான் இங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். ஆனால் நான் பார்த்த இன்னொன்றையும் சொல்லாமல் உட்கார்ந்தால் அம்மாவுக்குச் செய்யும் குறையாகிவிடும். மே மாதக் கடைசியில் எல்லாரும் ஊர் திரும்பும்போது, பேருந்துக்குள் இருப்பவர்கள் சன்னல் இடத்துக்குச் சண்டை போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். வண்டி வளைவில் திரும்பி மறையும்வரை தெருமுனையில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைப்பவள் அவள் ஒருத்திதான். அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்கு எங்கள் வீட்டில் சோறு மிஞ்சும். கை பழக்கத்தில் பதினெட்டுப் பேருக்கு அரிசி அளந்து போட்டுவிட்டு, உலை கொதித்த பிறகுதான் நாலு பேர் என்பது அவளுக்கு நினைவு வரும். 'வீடு வெறிச்சுனு கிடக்கு' என்பாள். ஓய்வு கிடைத்தது என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. களைப்பு அவளுக்கு இருந்தது. அவர்கள் போன வருத்தமும் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று அவளிடம் கேட்கும் வாய்ப்பு இருந்தபோது, நான் சட்டிச் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

மணி அடித்துவிட்டார்கள். இன்னும் அரை நிமிடம் கொடுங்கள், ஐயா.

பெரியப்பா இப்போது இல்லை. அந்த இரண்டு கேன்களில் ஒன்று எங்கள் வீட்டில் அரிசி போட்டு வைக்கப் பயன்படுகிறது. பெரியம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. மே 4ஆம் நாள் கத்திரி தொடங்குகிறது, 6ஆம் நாள் காலை அவர் நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறார். தண்ணீர் இருக்கிறதா என்று போன வாரமே கேட்டுவிட்டார். ரயில் நிலையத்துக்குப் போய் அவரை அழைத்து வரப்போவது என் மனைவி. அந்த நேரத்தில் அடுப்படியில் நிற்கப்போவது நான். இதை இங்கே முதன்முறையாகச் சொல்கிறேன், மூன்றாம் வரிசைக்கும் இது புதுச் செய்தி. எதிரணித் தலைவர் அம்மையாருக்கு என் சொல்லில் ஐயம் இருந்தால் அன்று நேரிலேயே வந்து பார்க்கலாம். குழம்பு எப்படி இருக்கும் என்பதற்கு என்னால் உறுதி தர முடியாது. ஓர் இலை கூடுதலாகப் போட்டு வைக்கிறேன்.