அக்கரைக் கோளின் அந்திப் பொழுது

மன்றத் தலைவர் ஐயா அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் கல்வி அதிகாரி அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி என் பிழைப்பைச் சிரமமாக்கிய பேராசிரியை அம்மா அவர்களே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் தம்பி தங்கைகளே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். இன்றைய அக்கரை 4.2 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. ப்ராக்ஸிமா சென்டாரி, சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன். அதைச் சுற்றும் ப்ராக்ஸிமா பி என்ற கோள் 2016-இல் தெரியவந்தது. அங்கே வெளிச்சம், காற்று, தண்ணீர் எப்படி இருக்கும் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் வெளிச்சம். விண்மீன் சிறியது, சிவந்தது. ஆனால் கோள் சுமார் 75 லட்சம் கிலோமீட்டரிலேயே சுற்றுகிறது. அதனால் அங்கிருந்து பார்த்தால் நம் சூரியனைவிட மூன்று மடங்கு அகலமாகத் தெரியும். கோள் ஒரே முகத்தைத்தான் விண்மீனுக்குக் காட்டும் என்பது பலருடைய கணிப்பு. அப்படியானால் ஒரு பாதியில் பொழுது சாயாது, மறுபாதியில் விடியாது. இடையிலுள்ள வளையத்தில் மட்டும் எப்போதும் அந்தி. அங்கே ஒரு கம்பை நட்டுவைத்தால் அதன் நிழல் நீளவும் செய்யாது, குறுகவும் செய்யாது.

அங்கே ஆண்டு என்பது நம்முடைய 11 நாள்தான். இதை ஒரு கூட்டத்தில் சொன்னதும், முன்வரிசையில் இருந்த எழுத்தர் ஒருவர் துள்ளி எழுந்தார். "ஐயா, அப்போ 11 நாளைக்கு ஒரு தடவை ஊதிய உயர்வா?" ஆமாம் என்றேன். "போனஸ்?" அதுவும்தான். மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பக்கத்தில் இருந்த கணக்காயர் நிமிரவே இல்லை. "வருமான வரிக் கணக்கும் 11 நாளைக்கு ஒரு தடவைதான், உட்காருங்க" என்றார். அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல்: "58 ஆண்டில் ஓய்வு என்றால், இரண்டு வயது முடியறதுக்குள்ளே ஓய்வூதியம்!" இக்கரைக்கு அக்கரை பச்சை!

சரி, காற்று. அந்த விண்மீன் அடிக்கடி சீறும். அந்தச் சீற்றம் காற்றுமண்டலத்தையே அரித்துவிடலாம். இத்தனைக்கும் இந்தக் கோளை யாரும் நேரில் பார்த்ததில்லை. கோள் இழுப்பதால் விண்மீன் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில், நாம் நடக்கிற வேகத்தில், முன்னும் பின்னும் அசைகிறது. சிலி நாட்டின் லா சில்லா மலையிலுள்ள தொலைநோக்கியில், விண்மீனின் ஒளியைப் பிரித்துத்தான் அதைப் பிடித்தார்கள்.

ஏன் அந்த மலை? இருட்டு, ஐயா, இருட்டு! நான் போகிற மேடையெல்லாம் இதைத்தான் சொல்கிறேன். உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குப் பால்வீதி கண்ணில் படுவதில்லை என்று 2016-இல் ஓர் ஆய்வு சொன்னது. விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தரைக்கு வேண்டிய வெளிச்சத்தை வானத்துக்கு ஏன் அனுப்ப வேண்டும்? மேலே ஒரு மூடி போட்டால் போதும். அக்கரையைத் தேடுவது இருக்கட்டும், அது பச்சையா சிவப்பா என்று பார்க்கவாவது வானம் தெரிய வேண்டாமா?

தலைவர் மணியில் கை வைத்துவிட்டார். தண்ணீரை அடுத்த கூட்டத்தில் பார்ப்போம். தெருவிளக்குகளுக்கு மூடி கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்துக்கான இடத்தைக் கல்வி அதிகாரி அவர்களுக்காகக் காலியாக வைத்திருக்கிறோம்.