மெயின்பிரேமை ஏமாத்தும் மினி கம்ப்யூட்டர்: 3271 வேஷம் கட்ட என்னென்ன வேணும்?

[கறுப்புத் திரை. பச்சை நிறத்துல ஒரு கர்சர் மட்டும் மினுக்குது.]

இந்த கம்ப்யூட்டர் இப்ப ஒரு பொய் சொல்லப்போகுது. "நான் கம்ப்யூட்டரே இல்ல, வெறும் திரையும் கீபோர்டும்தான்"னு. சொல்லலைன்னா கோலாலம்பூர்ல இருக்கிற பெரிய மெஷின் இதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இருபது லட்சம் வெள்ளி மெஷினா இருந்தாலும் சரி, அந்த லைன்ல சும்மா கிடக்க வேண்டியதுதான்.

[முகப்பு இசை. பேசுபவர் திரையில்.]

வணக்கம் மக்களே! பெஸ்தாரி ஜெயாவிலிருந்து பேசுறேன். நம்ம தாத்தா பாட்டிகிட்ட அந்தப் பேரைச் சொன்னா முழிப்பாங்க, அவங்களுக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இன்னைக்கு மேட்டர், டெர்மினல் எமுலேஷன், அதாவது ஒரு கம்ப்யூட்டர் வெறும் திரை-கீபோர்டு (டெர்மினல்) மாதிரி வேஷம் கட்டுறது. ஒரு மினி கம்ப்யூட்டரை மெயின்பிரேமோட, அதாவது தலைமை ஆபிஸ் பெரிய கம்ப்யூட்டரோட இணைக்க என்னென்ன வேணும்? தூக்கம் வர்ற தலைப்புன்னு தெரியும். அஞ்சு நிமிஷம் குடுங்க, பெரட்டுக் களம் வரைக்கும் போய்ட்டு வருவோம்.

வரலாறு, ஓட்டமா. ஐபிஎம் 1971-ல 3270 டெர்மினல் குடும்பத்தை விட்டது. திரைகள் எல்லாம் ஒரு கன்ட்ரோலர் பெட்டியில போய்ச் சேரும், அந்தப் பெட்டி மெயின்பிரேமோட பேசும். தூரத்து ஆபிஸுக்கான பெட்டி பேரு 3271. ஒரு பெட்டிக்கு 32 சாதனம் வரைக்கும். அந்தப் பக்கம் டெக் கம்பெனி 1977-ல வாக்ஸ் மினி கம்ப்யூட்டரை விட்டது. ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. வரலாறு முடிஞ்சது!

[திரையில்: செம்பனைத் தோட்டம், பழைய தோட்ட ஆபிஸ். கீழே எழுத்து: கற்பனைக் காட்சி, 1985]

இப்ப ஒரு கற்பனை. வருஷம் 1985. தோட்ட கம்பெனி ஒண்ணு. தலைமை ஆபிஸ்ல ஐபிஎம் 4341 மெயின்பிரேம். நம்ம ஊர் ஆபிஸ்ல வாக்ஸ் 11/750, அதுல நாலஞ்சு விடி100 திரை. செக்ரோல் (ஆள் வருகைப் பதிவு) கணக்கும் சம்பளமும் இங்கேயே ஓடுது. ஆனா கம்பெனியோட பெரிய கணக்கு மெயின்பிரேம்ல. கிராணியார் (தோட்ட ஆபிஸ் குமாஸ்தா) தன் மேசையை விட்டு எழுந்திரிக்காம, அதே திரையில அதையும் பார்க்கணும். அவர் கேக்கிறது அவ்வளவுதான்.

அதுக்கு வாக்ஸ் 3271 வேஷம் கட்டணும். இந்த வேஷத்தை டெக் கம்பெனியே சாப்ட்வேரா வித்துச்சு, 3271 புரோட்டோக்கால் எமுலேட்டர்னு. ஹியூலட் பேக்கார்ட்காரங்களும் 3000 மினிக்கு இதே மாதிரி ஒண்ணு வெச்சிருந்தாங்க. சாப்ட்வேர் டேப் வந்துடுச்சு, போட்டாச்சு, வேலை முடிஞ்சுதான்னா, இல்ல.

வாக்ஸுல சாதாரண டெர்மினல் போர்ட் நெறைய இருக்கும். அதுல ஒண்ணும் இதுக்கு உதவாது. அது அசின்க்ரனஸ். ஒவ்வொரு எழுத்தும் தனக்குன்னு ஆரம்பம், முடிவு வெச்சுக்கிட்டு தனித்தனியா வரும். ஐபிஎம் லைன் சின்க்ரனஸ். எழுத்தெல்லாம் இடைவெளி இல்லாம ஒரே ரயிலா வரும், தாளத்தைப் பிடிச்சுக் குடுக்கிறது மோடம். அதனால தனி கார்டு வேணும், டியுபி11 மாதிரி. ரெண்டு முனையிலயும் ஒரே வேகத்து சின்க்ரனஸ் மோடம். நடுவுல அப்போதைய அரசு தொலைபேசித் துறை ஜபாத்தான் தெலிகோம்கிட்ட வாடகைக்கு எடுத்த லைன்.

வேகம் எவ்வளவு? செகண்டுக்கு 4800 பிட்டுனு வைங்க. ஒரு திரை 24 வரி, வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 1920. ஒரு எழுத்துக்கு எட்டு பிட், அதனால எட்டால பெருக்குங்க, 15,360 பிட். ஒரு முழுத் திரை வந்து சேர 3.2 செகண்ட். உங்க போன்ல ஒரு ரீல் அவ்வளவு நேரம் சுத்தினா போனையே தூக்கிப் போட்டுடுவீங்க!

[திரையில்: விடியாத நேரம், மங்கலான விளக்கு, வரிசையா ஆட்கள்]

இப்ப எனக்குப் பிடிச்ச இடம். இதுக்காகத்தான் வீடியோவே எடுத்தேன், அதனால கொஞ்சம் நீட்டுவேன்.

தோட்டத்துல பெரட்டு, அதாவது காலையில பேர் கூப்பிடுறது, எப்படி நடக்கும்? விடியுறதுக்கு முன்னாடி எல்லாரும் வந்து நிப்பாங்க. கிராணியார் செக்ரோலைத் திறந்து ஒவ்வொரு பேராக் கூப்பிடுவார். கூப்பிட்டாத்தான் பதில். உங்க பேர் வர்றதுக்கு முன்னாடி "ஐயா, எனக்கு ஒரு விஷயம்"னு ஆரம்பிச்சா மண்டோர் (மேற்பார்வையாளர்) ஒரு பார்வை பார்ப்பார், அதோட வாய் மூடிக்கும்.

பைசின்க்னு ஒரு புரோட்டோக்கால், அதாவது லைன்ல பேசுற விதி, ஐபிஎம் 1967-ல கொண்டுவந்தது. அதுல லைன் முழுக்க இதே பெரட்டுதான். டெர்மினல் தானா வாயைத் திறக்கவே கூடாது. மெயின்பிரேம் கூப்பிடும்: "மூணாம் நம்பர் கன்ட்ரோலர், ஏதாவது இருக்கா?" இருந்தா அனுப்பு, இல்லைன்னா "இல்ல"ங்கிறதுக்கு ஒரு எழுத்து. அடுத்த ஆள். இன்னும் கேளுங்க, கன்ட்ரோலர் நம்பரை ரெண்டு தடவை அனுப்பும்! "முனியாண்டி, முனியாண்டி"ன்னு. லைன்ல இரைச்சல் வந்து பேர் மாறிப்போனா வேற ஆள் பதில் சொல்லிடக் கூடாது இல்ல? ரெண்டும் ஒத்து வந்தாத்தான் பதில். இந்தச் சின்னப் புத்திசாலித்தனத்துக்கே எனக்குக் கைதட்டணும் போல இருக்கு.

தோட்டத்துப் பெரட்டு காலையில ஒரு வேளை. இது நாள் முழுக்க ஓயாது. அதுலயும் ஒரே வாடகை லைன்ல நம்ம ஊர், கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங்னு மூணு ஆபிஸைக் கோத்திருந்தா, எல்லாரும் ஒரே களத்துல நிக்கிற மாதிரி. இதுல ஒரு ஆள் பதிலே சொல்லலைன்னா? மெயின்பிரேம் வழக்கமா மூணு செகண்ட் காத்திருக்கும். அந்த மூணு செகண்ட் மத்த ரெண்டு ஆபிஸும் சும்மா நிக்கணும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தா கோலசிலாங்கூர் கிராணியார் தன் மெஷினைத் திட்டுவார், தப்பு இங்க இருக்கும்.

இப்ப யோசிங்க. மாசக் கடைசி. வாக்ஸ் சம்பளக் கணக்குல முழுகிக் கிடக்கு. அந்த நேரம் பார்த்து லைன்ல பேர் கூப்பிடுறாங்க. நிஜ 3271-க்கு வேற வேலையே கிடையாது, டக்குனு சொல்லிடும். வாக்ஸுக்கோ ஆயிரம் வேலை. அதனாலதான் லைனை மட்டும் கவனிக்க தனிக் குட்டி பிராசசர் கார்டு, கேஎம்சி11 மாதிரி, போட்டாங்க. பிரவுச்சர்ல அது "விருப்பத்துக்கு"ன்னு இருந்தா நான் நம்பமாட்டேன். செம்பனைக் குலைக்கு வெச்ச காசுல கொஞ்சம் எடுத்தாவது வாங்கிடணும் லா!

[பேசுபவர் தண்ணி குடிக்கிறார்.]

சரி, மிச்சத்தைச் சுருக்கமா.

எழுத்துக் கணக்கு. எந்த எழுத்துக்கு எந்த எண்ணுங்கிற அட்டவணை வாக்ஸுக்கு ஆஸ்கி, ஐபிஎம்முக்கு எப்சிடிக். ஆங்கில "ஏ" எழுத்து ஆஸ்கியில 65, எப்சிடிக்ல 193. வெத்து இடம் ஆஸ்கியில 32, எப்சிடிக்ல 64. ஆனா ஆஸ்கியில 64-னா ஈமெயில்ல போடுற அந்தச் சுழி (@)! மொழிமாற்ற அட்டவணை இல்லாம விட்டா மெயின்பிரேம் அனுப்புற வெத்து இடமெல்லாம் திரையில சுழியா வந்து குவியும், ஜிலேபிக் கடை மாதிரி. இன்னொண்ணு, ஆஸ்கியில எண் முதல்ல, எழுத்து பின்னாடி. எப்சிடிக்ல தலைகீழ். வரிசைப்படுத்தின பட்டியலை ரெண்டு பக்கமும் ஒப்பிடும்போது மறந்துடாதீங்க.

நினைவகம். விடி100 ஒவ்வொரு தட்டலையும் உடனே அனுப்புற ஜாதி. 3270 அப்படி இல்ல, படிவம் முழுக்க நிரப்பி என்டர் தட்டினாத்தான் போகும், அதுலயும் மாத்தின கட்டம் மட்டும். அதனால திரையோட நகலை எமுலேட்டர்தான் தன்கிட்ட வெச்சிருக்கணும். 32 திரைக்கு 61,440 பைட், அதாவது 60 கேபி. இன்னைக்கு ஒரு வாட்ஸ்அப் ஸ்டிக்கர் அளவு, அன்னைக்கு யோசிச்சுக் குடுக்க வேண்டிய இடம்.

கீபோர்டு. 3270-க்கு பிஎஃப் கீ, அதாவது புரோகிராமுக்குக் கட்டளை குடுக்கிற தனிக் கீ, 12, இல்ல 24. விடி100-லயும் பிஎஃப் கீ இருக்கு, எத்தனை? நாலு! மிச்சத்துக்கு எஸ்கேப் தட்டிட்டு இன்னொரு கீ. எந்தக் கீ எதுக்குன்னு ஒரு அட்டை அடிச்சு ஒவ்வொரு திரை மேலயும் ஒட்டுங்க, புண்ணியமாப் போகும்.

எஸ்என்ஏ. ஐபிஎம் நெட்வொர்க் முறையில 1974-ல வந்த அடுத்த தலைமுறை. தலைமை ஆபிஸ் அதுக்கு மாறியிருந்தா வேஷமும் மாறணும். லைன்ல பேசுற விதி எஸ்டிஎல்சி, கன்ட்ரோலர் பெட்டிக்குப் பேரு பியு டைப் 2, ஒவ்வொரு திரைக்கும் பேரு எல்யு டைப் 2. பைசின்க் சாப்ட்வேர் அங்க செல்லாது. எதுன்னு கேக்காம ஆர்டர் போடாதீங்க.

[திரையில்: பெரிய எழுத்தில் நாலு சொல்: குரூப், லைன், கிளஸ்டர், டெர்மினல்]

கடைசியா ஒண்ணு, என் கணக்குல இதுதான் முதல்ல செய்ய வேண்டியது. இங்க எல்லாம் தயாரா இருந்தாலும், அங்க மெயின்பிரேமுக்கு முன்னாடி நின்னு லைன்களைக் கவனிக்கிற 3705 முன்னணிப் பெட்டியில நம்ம பேர் எழுதியிருக்கணும். எந்த லைன், எத்தனாவது கன்ட்ரோலர் நம்பர், எத்தனை திரை, எல்லாம் திரையில தெரியுற அந்த நாலு தலைப்புல முன்கூட்டியே அந்தப் பெட்டியோட புரோகிராம்ல பதியணும். ஒரு நம்பர் மாறினாலும் பேர் கூப்பிடுறது நம்மளை இல்ல. சரிபண்ண, அந்தப் புரோகிராமைத் திரும்பத் தயாரிச்சு ஏத்தணும், அதுவரைக்கும் அதுல தொங்குற அத்தனை லைனும் நிக்கும். வேலை நாள்ல எந்த சிஸ்டம் புரோகிராமர் ஒத்துக்குவார்? அதனால கார்டு, மோடம் எதுவும் வாங்குறதுக்கு முன்னாடி அவருக்கு ஒரு போன் போடுங்க. கன்ட்ரோலர் நம்பரைக் காகிதத்துல எழுதி வாங்குங்க.

இதையெல்லாம் இன்னைக்குத் தொட்டுப் பார்க்க முடியுமா? முடியும், ஓசியிலேயே! ஹெர்குலிஸ்னு ஒரு மெயின்பிரேம் எமுலேட்டர், லேப்டாப்புல ஓடும். அதுல எம்விஎஸ் 3.8-ங்கிற ஐபிஎம்மோட பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டு, 3270 திரை வேஷம் கட்டுற எக்ஸ்3270 புரோகிராமால போர்ட் 3270-ல நுழைஞ்சா அதே பச்சைத் திரை. லைன், மோடம், பெரட்டு ஒண்ணும் வேண்டாம், டிஎன்3270-ங்கிற புரோட்டோக்கால் எல்லாத்தையும் சாதாரண நெட்வொர்க்குலேயே கொண்டுவந்துடும். நம்ம ஊர் யுனிசெல் பல்கலைக்கழகப் பிள்ளைங்க யாராவது செஞ்சா ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க.

அப்புறம் எண்பதுகள்ல தோட்ட ஆபிஸ்ல இந்தத் திரைகளைத் தட்டின கிராணியார் யாராவது பார்த்துக்கிட்டு இருந்தா, ஐயா, அம்மா, கமெண்ட்ல ஒரு வரி போடுங்க. பிஎஃப்7-க்கு உங்க ஆபிஸ்ல எந்தக் கீ?